ஊரைத் தாண்டிப் படு

டிசம்பர் 29, திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பழைய வேலையின் கடைசி நாள் முடிகிறது. ஜனவரி 2, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குருகிராமில் புதிய வேலையில் சேர வேண்டும். நான் இருப்பது நாமக்கல்லில். நடுவில் கிடக்கும் சாலை சுமார் 2,400 கிலோமீட்டர். விமானம் என்றால் அரை நாள் வேலை. ஆனால் எனக்கு அங்கே கார் வேண்டும். மகனின் பரீட்சை முடிந்து அவனும் கணவரும் ஏப்ரலில்தான் வருவார்கள். அதுவரை அந்த ஊர் ஆட்டோக்களோடு தனியாக மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

முதலில், காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு நிறுவனத்தில் முன்பணம் கட்டினேன். பதினைந்தாம் தேதி எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்புறம் இருபது. அப்புறம், "கண்டெய்னர் நிறையட்டும் மேடம்." இந்தக் கதையை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். எப்படியோ தெரிந்துவிட்டது.

"வண்டியை வண்டி மேல ஏத்தி அனுப்பறதா அம்மிணி?" என்றார். என் கல்யாணச் செலவைச் சொன்னபோதுகூட அவர் முகம் அப்படிப் போனதில்லை.

அப்பா 1986 முதல் 2014 வரை லாரி ஓட்டியவர். வடநாட்டு லைன். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர், சில சமயம் டெல்லி. வரும்போது எது கிடைக்கிறதோ அந்த லோடு. எங்கள் ஊரில் இது பெருமையோ குறையோ இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு டிரைவரோ, லாரிக்குப் பாடி கட்டுகிறவரோ, டயர்க் கடைக்காரரோ இருப்பார். நான் பிறந்ததே மூன்று நாள் கழித்து நாக்பூரில் ஒரு எஸ்டிடி பூத்தில்தான் அவருக்குத் தெரியும். இப்போது வயது 67. கண்புரை அறுவை முடிந்தபின் இரவில் ஓட்டுவதில்லை. பகலில் ஓட்டுவார், என்னைவிட நன்றாகவே. ஆக, இருவருமாக ஓட்டிக்கொண்டே போவது என்று ஆயிற்று.

நான் போட்டு வைத்திருந்த திட்டம் எக்செல்லில் அழகாக இருந்தது. செவ்வாய் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புவது, நாளுக்கு 800 கிலோமீட்டர், மூன்றே நாள், வியாழன் இரவு குருகிராம். மேப் நாற்பது மணி நேரம் என்றது; மூன்றால் வகுத்தால் நாளுக்குப் பதின்மூன்று மணிக்குச் சொச்சம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம், விடுதிப் பெயர், பதிவு எண். அப்பா மடிக்கணினியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல ஒண்ணுக்கு எங்க போவே?"

அவ்வளவுதான் கேட்டார். மேப் சொல்லும் நேரம் வண்டியின் நேரம்; ஓட்டுகிறவனின் நேரம் அதில் இல்லை என்பது அவர் கட்சி. சாப்பாடு, டீ, பெட்ரோல், சுங்கச்சாவடி, கண்ணைக் கழுவிக்கொள்ள ஐந்து நிமிடம், வழி தப்பித் திரும்ப ஒரு பத்து நிமிடம். நான்கு வழிச் சாலையில் காருக்கு 100 வரை அனுமதி இருக்கிறது, நானும் 95-இல் போகிறவள்தான். ஆனால் கிளம்பிய நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் வைத்து வகுத்துப் பார் என்றார். சென்னைக்குப் போய்வந்த பழைய பயணங்களை வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 58, 54, 56 கிலோமீட்டர்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் பென்சிலால் கணக்குப் போட்டார். மணிக்கு 55. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினாலும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் இருக்கக் கூடாது. ஆக நாளுக்கு 660. மூன்று நாளுக்கு 1,980. துண்டு விழுவது 420. "இந்த நானூத்தி இருவதை நீ தூக்கத்துல இருந்து எடுக்கலாம்னு பாத்திருக்கே" என்றார். அப்படித்தான் பார்த்திருந்தேன்.

அவர் அதைத் திங்கட்கிழமையிலிருந்து எடுத்தார். மூன்று மணிக்கு வேலை முடிகிறது. ஐந்து மணிக்குக் கிளம்பு. பெங்களூர் 255 கிலோமீட்டர். ராத்திரி பத்து மணிவாக்கில் ஊருக்குள் நுழை, தாண்டு, சிக்கபள்ளாபூரில் படு. அங்கேயே 310 கழிந்தது. மிச்சம் 110, அதாவது இரண்டு மணி நேரம். மூன்று நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு நாற்பது நிமிடம். "நாப்பது நிமிசம் தாங்கும்."

நான் பெங்களூருக்கு முன்னால், ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ படுத்துவிட்டுக் காலையில் தாண்டலாமே என்றேன்.

"ஊரைத் தாண்டிப் படு. ஊருக்கு முன்னாடி படுத்தீன்னா காலைல ஊரு உன்னைப் படுக்க வெச்சிரும்."

இது ஒன்றுதான் அவருடைய திட்டமே. பெரிய ஊரை ராத்திரியிலோ விடியுமுன்போ தாண்டு, தாண்டியபிறகு படு. எழுந்ததும் எதிரே வெறும் ரோடு இருக்க வேண்டும். காலை எட்டரைக்குத் தென்கோடி எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வடகோடி ஹெப்பாளுக்குப் போக எத்தனை நேரம் ஆகும் என்று பெங்களூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். என் எக்செல் அதற்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கியிருந்தது.

இந்தத் திட்டம் அம்மாவுக்கும் ஒத்துப்போனது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் பரிகாரம்தான் என்றாலும், 2,400 கிலோமீட்டருக்கு ஒரு டம்ளர் பால் போதுமா என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கிளம்பும் வாரத்தில் அலைந்தால் கிடைக்காது, ஒரு மாதம் முன்னாலேயே தொடங்குவது நல்லது. டெல்லி வட்டாரத்தில் குளிர்காலக் காற்று மோசமானால் பிஎஸ் 3 (பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் தரம்) பெட்ரோல் கார்களையும் பிஎஸ் 4 டீசல் கார்களையும் ஓட்ட விடமாட்டார்கள். குருகிராமுக்கும் அது பொருந்தும். என்னுடையது பிஎஸ் 6 பெட்ரோல், தப்பித்தேன். பழைய டீசல் வண்டியோடு கிளம்புகிறவர்கள் இதைப் பார்க்காமல் போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

சுங்கத்துக்கு ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு எடுத்தேன். ஆகஸ்ட் 15, 2025 முதல் தனியார் கார்களுக்குக் கொடுக்கிறார்கள்: அப்போது 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அது. இந்த ஒரு பயணத்திலேயே முப்பதுக்கு மேல் சாவடிகள் வருகின்றன என்பதால் பாதிக்கு மேல் காசு உடனே தேறிவிடும். ஒரு விஷயம்: தேசிய நெடுஞ்சாலைகளுக்குத்தான் அந்தச் சீட்டு. ஹைதராபாத் வெளிவட்டச் சாலை மாதிரி மாநிலத்தின் கையில் இருப்பவற்றுக்குச் செல்லாது. சாதாரண இருப்பிலிருந்துதான் எடுப்பார்கள். நான் இருப்பில் 40 ரூபாயோடு போய் நின்றேன். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க, கைப்பேசியில் பணம் ஏற்றினேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை ஐந்து பத்துக்குக் கிளம்பினோம். டிக்கியில் என் இரண்டு பெட்டி, குக்கர், அரிசி மூட்டை, அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை. அப்பாவின் பை ஒரு மஞ்சள் பை மட்டும். அதற்குள் லுங்கி, டார்ச், ஒரு முழ நீளத் துணிக்கயிறு, வெறும் தண்ணீர் பாட்டில் இரண்டு.

தொப்பூர் கணவாயில் நாங்கள் ஏறும் பக்கம். எதிர்ச்சாரியில் தருமபுரியிலிருந்து இறங்கும் லாரிகளை அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிரேக் பிடிக்காமல் எத்தனையோ வண்டி போன இறக்கம் அது. "கியர்ல இறக்கணும், பிரேக்குல இறக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொன்னார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை. நான் எங்கே பிரேக் போட வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அங்கெல்லாம் அந்தக் கால் மிதித்தது. மறுநாள் பார்த்தால் காரின் கால்மிதி இரண்டு அங்குலம் முன்னால் தள்ளிப்போய்ச் சுருண்டிருந்தது. நாலு நாளும் நான் அதை இழுத்துச் சரிசெய்துகொண்டே வந்தேன்.

பத்து மணிக்குப் பெங்களூர். பதினொன்று ஐந்துக்கு ஹெப்பாள் மேம்பாலத்தை விட்டு இறங்கினோம். பதினொன்றே முக்காலுக்குச் சிக்கபள்ளாபூரில் ஒரு லாட்ஜ், கொசுவத்தி, தூக்கம்.

இந்தச் சாலையின் எண் 44. கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர்வரை 3,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும், நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை. ஆனால் அப்பா வாயில் அது வராது. 2010-இல் எண்களை மாற்றும்வரை கன்னியாகுமரியிலிருந்து வாரணாசிக்குப் போனது 7. நாக்பூரைத் தாண்டி லக்னாதோன்வரை அதில்தான் போக வேண்டும். அங்கிருந்து சாகர் வழியாக ஜான்சிக்குப் போவது 26. "செவன்ல போயி டொன்டிசிக்ஸ்ல திரும்பணும்" என்பார். நான் பலகைகளில் 44-ஐப் பார்த்துக்கொண்டு ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத சாலையில் வந்துகொண்டிருந்தார்.

தூரத்தை அவர் கணக்கு வைப்பது கிலோமீட்டரில் அல்ல, ஆறுகளில். துங்கபத்ரா, கிருஷ்ணா, கோதாவரி, பென்கங்கா, வார்தா, நர்மதை, சம்பல். நடுவில் வேறு ஆறுகளும் உண்டு. அவர் கணக்கில் ஏழுதான். நாலு தாண்டினால் மராட்டியம், ஆறு தாண்டினால் பாதிக்கு மேல் வந்தாச்சு, ஏழு தாண்டினால் சோறு கிடையாது, ரொட்டிதான். யமுனை? "அதை எதுக்குத் தாண்டணும்? அது பாட்டுக்குப் பக்கத்துலயே வரும்." வரைபடத்தில் பார்த்தேன். உண்மைதான். ஆக்ரா, மதுரா, பல்வல் எல்லாமே யமுனையின் மேற்குக் கரையில்தான் இருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குக் கிளம்பி பாகேபள்ளியில் டேங்கை நிரப்பினோம். கர்நாடகத்தின் கடைசி ஊர்களில் ஒன்று. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பெட்ரோல் லிட்டருக்கு நாலைந்து ரூபாயாவது கூட. லாரிக்காரர்களுக்கு இது மனப்பாடம். முந்நூறு லிட்டர் டீசல் அடிக்கிறவனுக்கு நாலு ரூபாய் என்பது ஒரு நாள் படிக்காசு. இதேபோல மத்தியப் பிரதேசத்தில் அடிக்காமல் உத்தரப் பிரதேசத்தில் நுழைந்ததும் அடிக்க வேண்டும். அங்கே பத்து ரூபாய் போலக் குறையும்.

குத்திக் கோட்டை வலப்பக்கமா இடப்பக்கமா என்று நாங்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் கர்நூல் வந்துவிட்டது. துங்கபத்ரா பாலத்தில் அப்பா ஜன்னலை இறக்கி "ஒண்ணு" என்றார். ஒரு மணி நேரம் கழித்துப் பீச்சுபள்ளியில் கிருஷ்ணா. "ரெண்டு."

அப்பாவின் அனுபவம் உதவாத ஓர் இடம் உண்டு. முப்பது வருடம் இந்த ரோட்டில் ஓடியவருக்கு ஒரு பெண் எங்கே கழிவறைக்குப் போவாள் என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவர் "நல்ல எடம்" என்று காட்டிய இரண்டு இடங்களும் புளியமரத்தடிகள். "ஒண்ணுக்கு எங்க போவே" என்று கேட்டவரிடம் நான் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். சிரிக்கவில்லை, யோசித்தார். ஆகவே அந்தப் பட்டியல் மட்டும் என்னுடையதாகவே இருந்தது: இரண்டரை மணி நேரத்துக்கு ஒன்றாக, எண்ணெய் நிறுவனங்களே நேராக நடத்தும் பெரிய பங்குகள், குடும்பங்கள் நிறுத்தும் உணவகங்கள். பங்கில் நுழைந்ததும் முதலில் டயருக்குக் காற்று கேட்பேன். காற்றுக் குழாய் வேலை செய்கிற பங்கில் கழிவறையும் பெரும்பாலும் சுத்தமாக இருக்கிறது. இரண்டுமே இலவசமாகத் தர வேண்டியவை. ஒன்றைக் கவனிக்கிறவன் மற்றதையும் கவனிக்கிறான் போல. நாலு நாளில் இது ஒரே ஒருமுறைதான் பொய்த்தது.

ஷம்ஷாபாதில் வெளிவட்டச் சாலை ஏறி மேட்சலில் இறங்கினோம். ஹைதராபாத் எங்களுக்குத் தெரியவே இல்லை, தூரத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் மட்டும். அந்திக்குச் சற்றுப் பின், சோன் பாலத்தில் கோதாவரி. இருட்டில் தண்ணீர் தெரியவில்லை. பாலத்தின் இணைப்புகளில் டயர் தடக் தடக் என்று ஏறி இறங்குவதைக் கேட்டு "மூணு" என்றார்.

நிர்மலில் செயலி வழியாகப் பதிவு செய்திருந்த விடுதியில், அப்படி ஒரு பதிவே வரவில்லை என்றார்கள். பணம் போயிருந்தது. ராத்திரி எட்டு மணி. நான் வாடிக்கையாளர் சேவையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இருபது நிமிடத்தில் அப்பா சாலையோரம் நடந்துபோய், புறவழிச்சாலை ஓரமாக, ஊரைத் தாண்டித்தான், எழுநூறு ரூபாய்க்கு ஓர் அறை பிடித்துவிட்டு வந்தார். வெந்நீர் வாளியில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பணம் இன்னும் திரும்பவில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

புதன்கிழமை பென்கங்கா, வார்தா. ஹிங்கண்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் காலைச் சாப்பாடு. தட்டில் ஆவி பறக்க ஜவ்வரிசி கிச்சடி வந்தது: கண்ணாடி மாதிரி பளபளக்கும் மணிகள், வேர்க்கடலைப் பொடி, சீரகம், பச்சை மிளகாய், ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. இந்தப் பக்கம் விரத நாளில் இதுதான் சாப்பாடு. அப்பா இரண்டு மணியை விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தார். ஒட்டாமல் வழுக்கியது.

"நம்முளுது" என்றார். கடைக்காரரைக் கூப்பிட்டு, தனக்கு மிச்சமிருந்த இந்தியில், "ஸேலம் கா மால்?" என்று கேட்டார். கடைக்காரர் உள்ளே போய் மூட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினார். நவராத்திரிக்கு முன்னால் லோடு நாக்பூர் போய்ச் சேராவிட்டால் வாடகையில் பிடித்தம் செய்வார்களாம். ஆயுத பூஜைக்கு அவர் ஏன் ஊரில் இருந்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சைக்கிளுக்குச் சந்தனம் வைத்ததெல்லாம் சித்தப்பாதான். நான் இன்னொரு தட்டு வாங்கினேன்.

நாக்பூரையும் சுற்றிக்கொண்டு போனோம். அந்த எஸ்டிடி பூத் இருந்த இடத்தைக் காட்டுகிறேன் என்றவர், எந்தப் பாலத்துக்குக் கீழே என்று தெரியாமல் விட்டுவிட்டார். அவர் சொல்லிக்கொண்டுவந்த தாபாக்களில் பாதி இல்லை. நான்கு வழிச்சாலை ஊர்களை ஒதுக்கிக்கொண்டு ஓடிவிட்டது. தாபாக்கள் பழைய ரோட்டிலேயே நின்றுவிட்டன. காணாமல் போனவற்றில் அவர் வருத்தப்படாதது ஒன்றே ஒன்று, மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வரிச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு அவருக்கு ஏழெட்டு நாள் ஆகுமாம். அதில் இரண்டு நாள் கையில் காகிதத்தோடு சாவடியில் நின்றது.

நாக்பூருக்கு வடக்கே மன்சர் தாண்டியதும் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக் காடு. வனத்துறை அனுமதி, வழக்கு என்று பல வருடம் அகலப்படுத்த முடியாமல் கிடந்த பகுதி. அப்பாவின் நினைவில் அது குழிகளின் ஊர். லாரியின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடையாமல் தாண்டினால் தேங்காய் உடைக்கலாம். இப்போது சாலையே தூணில் ஏறி நிற்கிறது. மராட்டியப் பக்கத்தில் மட்டும் 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர்வரை நீளமுள்ள ஒன்பது கீழ்வழிகள், விலங்குகள் குறுக்கே போவதற்கு. புலிகள் அதன் வழியே நடந்துபோவது கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. அதைச் சொன்னதும் அப்பா, "நமக்கு மேம்பாலம், அதுக்குப் புறவழிச்சாலை" என்றார். அந்த இருபது நிமிடம் கால் பிரேக்கை மிதிக்கவில்லை.

பர்மான் பாலத்தில் நர்மதையைப் பார்க்கும்போது ஐந்தே கால். வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறத்தில் கிடந்தது. ஆறு. எட்டு மணிக்குச் சாகரைத் தாண்டிப் படுத்தோம். புத்தாண்டு பிறந்தது எனக்குத் தெரியாது.

இந்த இடம்வரை திட்டம் இம்மி பிசகவில்லை. எழுதுவதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வியாழன் ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழுக்கு லலித்பூரில் பெட்ரோல். உத்தரப் பிரதேசம். அங்கிருந்து அரை மணி நேரத்தில் எதிரே வெள்ளை. மூடுபனி என்று ஊட்டியில் பார்த்ததை நினைத்துக்கொண்டிருந்தேன், அது வேறு. இது அசையவில்லை. சாலையின் வெள்ளைக் கோடு பானட்டுக்கு முன்னால் நாலடி தெரிந்து மறைந்தது. நான் நாலு பக்க விளக்கையும் சிமிட்டவிட்டேன்.

"அதை அணை. நீ நிக்கறேன்னு நெனச்சு பின்னாடி வர்றவன் வலப்பக்கம் ஒடிப்பான்." ஜன்னலை இறக்கச் சொன்னார். குளிர் முகத்தில் அறைந்தது. "காதால ஓட்டு. முன்னாடி லாரி சத்தம் கேக்குதா? அதும் பின் லைட்டு மங்கலாத் தெரியற தூரத்துலயே போ. பளிச்சுன்னு தெரிஞ்சா கிட்ட வந்துட்டேன்னு அர்த்தம். ரோட்டோரம் மட்டும் நிறுத்தாதே."

இருபதில் ஊர்ந்து, இடதுபக்கம் ஒரு மங்கல் வெளிச்சம் தெரிந்ததும் உள்ளே திருப்பினோம். பெட்ரோல் பங்க். பத்துப் பதினைந்து லாரிகள் ஏற்கெனவே ஒதுங்கியிருந்தன. அதில் ஒன்றின் எண் டிஎன் 28. நாமக்கல் வண்டி. நான் பார்த்துச் சொல்வதற்குள் அப்பா இறங்கிவிட்டார்.

"எந்த ஊருங்க?"

"ராசிபுரமுங்க."

அவ்வளவுதான். அடுத்த இரண்டரை மணி நேரம் அந்த லாரியின் ஓரத்தில், பம்ப் ஸ்டவ்வில் கொதித்த டீயோடு, டயர் விலை, வாடகை, யார் வண்டியை விற்றுவிட்டு முட்டைப் பண்ணை வைத்தார்கள் என்ற பேச்சு. பங்கில் நின்ற மற்றவர்கள் எங்களை ஒரு கூட்டமாகப் பார்த்தார்கள். இங்கே நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். திங்கள் சாயங்காலம் கிளம்பியதில் சம்பாதித்த நேரம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. செவ்வாய்க் காலை கிளம்பியிருந்தால் இந்நேரம் நாங்கள் நாக்பூர்ப் பக்கம்தான் இருந்திருப்போம். அந்த நினைப்பு ஆறுதலாக இருந்ததா என்றால், இல்லை.

பத்தேகாலுக்கு வெளுத்தது. ஜான்சி, குவாலியர், சம்பல். "ஏழு" என்று சொல்லிவிட்டு அப்பா பின்சீட்டில் படுத்துக்கொண்டார். தோல்பூரில் கொஞ்ச நேரம் ராஜஸ்தான், மறுபடியும் உத்தரப் பிரதேசம், ஆக்ரா. ஜனவரி முதல் தேதி பிருந்தாவனத்துக்கு வடநாடே திரண்டு வரும் என்பதை என் எக்செலும் அறியவில்லை, காலண்டர்த் தாளும் அறியவில்லை. சட்டிகராப் பிரிவில் இரண்டே கால் மணி நேரம் நின்றோம். கோசி தாண்டும்போது இருட்டு, இருட்டோடு பனியும் இறங்க ஆரம்பித்தது. குருகிராம் இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். நான் போய்விடலாம் என்றேன். அப்பா என்னைப் பார்க்காமல், "பனியில ராத்திரி ஓட்டறதில்ல" என்றார். ஹரியானாவில் நுழைந்ததும் ஹோடலில் அறை எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பி, மெல்லிய பனியில் பல்வல், சோஹ்னா வழியாக ஊர்ந்து, கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் ஒரு மணி பத்து நிமிடம். வழியில் ஒரு பங்கில் சட்டை மாற்றினேன். (காற்றுக் குழாய் வேலை செய்தது.) அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தும்போது பத்து நாற்பது.

"பாத்தியா, ஊருக்கு முன்னாடி படுத்தோம்" என்றார் அப்பா.

உள்ளே ஓடினேன். சேர்க்கைப் பட்டியலை வைத்திருந்த அம்மணி பதினொன்றேகாலுக்குத்தான் வந்தார். அவருக்கும் பனி.

ஞாயிற்றுக்கிழமை இரவு புதுடெல்லியில் அப்பாவைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இருக்கைதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கைப்பேசி அடித்தது. "நர்மதை தாண்டியாச்சு." வேறொன்றும் இல்லை, வைத்துவிட்டார். சாயங்காலம் கோதாவரிக்கு ஒருமுறை. இரவு பதினொன்றரைக்கு, நான் தூங்கப் போகும் நேரத்தில், மறுபடியும்.

"கிருஷ்ணா வந்துருச்சு அம்மிணி, இப்பத்தான் விஜயவாடா. பென்கங்காவையும் துங்கபத்ராவையும் காணோம். இந்த ரூட்டுல ரெண்டு குறையுது."